முழிப்புக் காவல்

மொக்கையன் அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அரிசிதான் இருந்தது. கையை உதறிவிட்டு அடுத்த பானையைத் திறந்தார். புளி. அதற்கடுத்ததில் காய்ந்த மிளகாய். அதையும் கிளறிவிட்டுத் தும்மினார்.

முன்கட்டில் அவருடைய மனைவி சுருளியம்மாளைப் பெஞ்சில் கிடத்தித் தலைமாட்டில் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் உயிர் போனது. இப்போது மணி எட்டு.

"என்ன மச்சான், காலங்காத்தால பானைய உருட்டுறீக?"

சுருளியம்மாளின் தம்பி வெள்ளைத்துரை நிலைப்படியில் நின்றான். அழுது முகம் வீங்கியிருந்தது. கண் மட்டும் பானை மேல் இருந்தது.

"ஒண்ணுமில்ல மாப்ளே. ஒரு சாமான்."

"அக்கா காதுல கெடந்தத ஆஸ்பத்திரியிலயே கழட்டி அன்னக்கொடிகிட்டக் குடுத்தாச்சு. சங்கிலியத் தேடுறீகன்னா, அது எங்க அப்பன் போட்டது. ஞாபகம் இருக்கட்டும்."

மொக்கையன் பானையை மூடினார். நகையைத் தேடுவதாகவே நினைத்துக்கொள்ளட்டும். மாத்திரையைத் தேடுகிறேன் என்று சொல்வதற்கு அது மேல். பொண்டாட்டி உடம்பு ஆறுவதற்குள் சங்கிலியைத் தேடினான் என்று போடி ஊர் நாலு நாள் பேசும். மகனுக்கு மண்டைக் கோளாறுக்கு மாத்திரை கொடுக்கிறார்கள் என்றால் சாகிறவரைக்கும் பேசும்.

அவர் யாரையும் சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. ரேடியோவில் மழை என்று சொன்னால் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார். டாக்டர், டிரைவர், வாத்தியார் மூன்று பேரும் பொய் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு. அப்படிப்பட்டவரைச் சுருளியம்மாள் மூன்று வருஷமாக ஏமாற்றியிருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம்தான் அது அவருக்குத் தெரியும்.

நெஞ்சுவலி என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாவது நாள் அது. மகள் அன்னக்கொடி கஞ்சி வாங்கப் போயிருந்தாள். சுருளியம்மாள் அவரைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"ராக்கையாவுக்கு மூணு நாளா மாத்திரை குடுக்கலங்க."

"என்ன மாத்திரை?"

"மதுரை மாத்திரைதான். நீங்க வாய்க்கால்ல வீசுனீகளே, அது. திரும்ப வாங்கிக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். முட்டுவலின்னு மாசாமாசம் மதுரைக்குப் போனது எனக்கில்ல. அவனுக்குத்தான்."

"கோடாங்கியில்ல சரியாக்குனான்?"

"கோடாங்கியால இல்லங்க. பட்டுனு நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. அதான் சொல்றேன்."

மொக்கையனுக்குக் காது சூடாகிவிட்டது. "அப்ப மூணு வருசமா என்னையக் கேனப்பயலாக்கி வச்சிருந்திருக்க."

"சொன்னா வீசிருவீக."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். எதிர்க் கடையில் நின்று ஒரு டீ குடித்தார். கோபம் அடங்கவில்லை. இன்னொரு டீ குடித்தார். திரும்பி வந்தபோது அவள் மூக்கில் குழாய் இருந்தது. பேச்சு போய்விட்டது. கண் மட்டும் அவர் மேலேயே இருந்தது. மாத்திரையை எங்கே வைத்திருக்கிறாள் என்று அவர் கேட்டிருக்கவில்லை.

உப்புச் சாடிக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார். ஈரம்தான் ஒட்டியது.

"அய்யா." அன்னக்கொடி வந்து நின்றாள். பொட்டிபுரத்தில் கட்டிக்கொடுத்த பெண். "அண்ணே அழவே மாட்டேங்குது. உதட்டுல ஈ உக்காந்திருக்கு, ஓட்ட மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு."

மொக்கையன் முன்கட்டுக்குப் போனார். ராக்கையா தாயின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வயது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அந்த முகத்தை மொக்கையன் முன்னால் பார்த்திருக்கிறார்.

எண்பதாம் வருஷம் அது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவன் படுத்துவிட்டான். விடிய மூன்று மணிக்கு முழித்துக்கொள்வான், ஆனால் எழுந்திருக்க மாட்டான். கறிக்குழம்பை வைத்தாலும் மண்ணைத் தின்கிறவன் மாதிரித் தின்றான். காலையெல்லாம் கல்லாகக் கிடப்பான், பொழுது சாய்ந்தால் நாலு வார்த்தை பேசுவான். அதனால்தான் மொக்கையனுக்குச் சந்தேகம். வேலை நேரத்துக்கு மட்டும் வருகிற சீக்கு என்ன சீக்கு? பெண் விவகாரமா என்று விசாரித்தார். இல்லை. யாரோடாவது சண்டையா? இல்லை. ஒரு காரணமும் இல்லாமல் ஓர் ஆண்பிள்ளை படுத்துக்கிடப்பானா? "நான் எதுக்கும் லாயக்கில்லய்யா" என்று அவனே சொன்னான். அதை மட்டும் மொக்கையன் நம்பினார்.

போடிமெட்டுக்கு மேலே அவருக்கு நாலு ஏக்கர் ஏலத்தோட்டம். பறித்த காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பேர். அதன் அடுப்பு ஒரே சீராக எரிய வேண்டும். சூடு ஏறினால் காய் வெடிக்கும், இறங்கினால் நிறம் கெடும். ராத்திரி முழுக்க ஓர் ஆள் கண் மூடாமல் விறகு தள்ள வேண்டும். அப்படி ஆள் கிடைப்பது கஷ்டம். மொக்கையன் யோசித்தார். பயலுக்குத் தூக்கம் இல்லை. ஸ்டோருக்குத் தூங்காத ஆள் வேண்டும். இதைவிடப் பொருத்தம் எது? சுருளியம்மாள் வேண்டாம் என்று கத்தினாள். குளிரும் வேலையும் சேர்ந்தால் சோம்பல் பறந்துவிடும் என்று அனுப்பிவைத்தார். பதினோரு ராத்திரி அடுப்புக்குக் காவல் இருந்தான்.

பன்னிரண்டாம் நாள் காலையில், தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறிய ஜீப்பு டிரைவர் ஜேசுதாஸ், ஒரு வளைவில் கட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், பள்ளத்தின் விளிம்பில் ராக்கையா நிற்பதைப் பார்த்தான். வண்டியை நிறுத்திவிட்டு, தீப்பெட்டி கேட்கிறவன் மாதிரி மெல்லப் போய்ப் பேச்சுக் கொடுத்துக் கையைப் பிடித்தானாம். "காத்து வாங்க நின்னுருப்பான், டிரைவரு பெருசாக்குறான்" என்றார் மொக்கையன். சுருளியம்மாள் அவரிடம் கேட்காமல் ஜேசுதாஸ் துணையோடு மகனை மதுரைக்குக் கூட்டிப்போனாள். மாத்திரை வந்தது. பத்து நாள் பார்த்தார். வாய் உலர்ந்தது, கை நடுங்கியது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. குணம் தெரிய மூன்று வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். எந்த வியாபாரியும் அப்படித்தான் தவணை சொல்வான். எடுத்து வாய்க்காலில் வீசினார். ராசிங்காபுரத்திலிருந்து பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டிவந்து மகனுக்குக் கயிறு கட்டவைத்தார். பங்குனி பிறக்கும்போது ராக்கையா சவரம் பண்ணிக்கொண்டு காட்டுக்குப் போனான். கோடாங்கிக்கு ஒரு சேவல் கொடுத்தார். மூன்று வருஷமாக அந்தச் சேவல் கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு நீர்மாலைக்குக் கூப்பிட்டார்கள். தாயைக் குளிப்பாட்ட மகன்தான் போய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டும். தெருக்கோடிக் கிணற்றில் ஆட்கள் இறைத்து ஊற்ற, ராக்கையா குடத்தைப் பிடித்தான். குடம் நிறைந்தது. கொட்டுக்காரர்கள் முன்னால் நடந்தார்கள், பின்னாலேயே மற்றவர்களும் திரும்பினார்கள். ராக்கையா திரும்பவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றான்.

மொக்கையன் ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அறுபத்து மூன்று வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

"என்னடா பாக்குற?"

"சும்மாய்யா."

"விழுந்துருவியாடா?"

இந்த மாதிரிக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். மொக்கையனுக்குச் சுற்றிவளைத்துக் கேட்கத் தெரியாது. ராக்கையா அவரைப் பார்த்தான். காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு முகத்தைப் பார்க்கிறான்.

"தெரியலய்யா. ஆத்தா என்னாலதான் செத்துச்சு. என்னைய இழுத்து இழுத்துத்தான் அதுக்கு நெஞ்சு போச்சு. காலைலருந்து அதேதான் ஓடிக்கிட்டு இருக்கு. நிறுத்த முடியல."

வாயை மூடுடா கழுதை என்று நாக்கு நுனி வரை வந்தது. மொக்கையன் அதை விழுங்கினார். குடத்தைத் தூக்கி மகன் தலையில் வைத்துவிட்டு மறுபடி மணிக்கட்டைப் பிடித்தார்.

"நட. நான் பிடிச்சுக்கிறேன்."

வீட்டில் அன்னக்கொடியை அவன் பக்கத்தில் உட்கார வைத்தார். "மூத்திரத்துக்குப் போனாக்கூடக் கூடப் போகணும். எதுக்குன்னு கேக்காத." பிறகு தெருவில் ஜீப்பில் சாய்ந்து நின்ற ஜேசுதாஸிடம் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொண்டுவந்தது அவன் வண்டிதான். மூன்று வருஷமாக அந்த மனிதனோடு அவர் முகம்கொடுத்துப் பேசியதில்லை.

"ஏப்பா. எம்பொண்டாட்டி ஏதோ மாத்திரை வச்சிருந்தாளாம். வீடெல்லாம் தேடிட்டேன். நீ மதுரைக்குக் கூட்டிப் போனவன். உனக்குத் தெரியுமா?"

"வீட்டுல எப்படிண்ணே இருக்கும்?" என்றான் ஜேசுதாஸ். "எங்க வீட்டுல இருக்கு."

இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. மொக்கையன் அந்த வாசலைத் தாண்டியதில்லை. அவன் மனைவி சாராள் மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"அக்கா தெனமும் பொழுதடைய வந்து ஒண்ணே ஒண்ணு வாங்கிச் சீலையில முடிஞ்சுட்டுப் போவாக. நீங்க ஜெபத்துக்குப் போறாகன்னு சண்ட போட்டீகளாம்ல."

"சொன்னாளா?"

"சிரிச்சுக்கிட்டே சொல்லுவாக. அந்தாளு சாமியாடுறதுக்குள்ள ஓடணும்பாக."

மொக்கையன் சுவரைப் பார்த்தார். வேதக்கார வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஒரு நாள் அவள் கொண்டைமயிரைப் பிடித்திருக்கிறார். மறுநாளும் அவள் போனாள். அதுவும் அவருக்குத் தெரியும்.

"மூணு நாள் விட்டுப்போச்சு. இப்பவே மூணையும் சேத்துக் குடுத்துரவா?"

"ஐயோ, அப்படிச் செஞ்சுராதீக," என்றான் ஜேசுதாஸ். "ஒண்ணுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம். தூக்கம் வரும், தூங்கட்டும். பொட்டலம் அவன் கையில இருக்கக் கூடாது, உங்க கையில இருக்கணும். அத டாக்டரு ரெண்டு தரம் சொன்னாரு. நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்தக் கூடாது. காரியம் முடிஞ்சதும் மதுரைக்குப் போயிருவோம். ஆத்தா போனத அவருக்குச் சொல்லணும்."

"அந்த டாக்டரு ஏதாச்சும் மந்திரம் வச்சிருக்கானா? அவன்கிட்ட மட்டும் எம்மகன் பேசுறான்னு அப்பவே அவ சொன்னா."

"கேப்பாருண்ணே. அம்புட்டுதான். திட்டாம கேப்பாரு."

"அது வெறும் மாத்திரைதானா? வேற ஒண்ணும் அவ செய்யலயா?"

சாராள்தான் சொன்னாள். "தெனமும் காலைல ஒரே ஒரு சோலி குடுப்பாக. ரெண்டு கொடம் தண்ணி, இல்லன்னா ஆட்டுக்குக் கொழ ஒடிச்சுப் போடுறது. அத முடிச்சாப் போதும்னு விட்டுருவாக. முடியாத அன்னைக்கு ஏன்னு கேக்க மாட்டாக."

மொக்கையன் பொட்டலத்தைப் பிரித்து, வெள்ளையாக உருண்டையாய் இருந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மிளகு அத்தனைதான் இருந்தது. மறுபடி மடித்து இடுப்பில் செருகினார்.

மூன்று மணிக்குப் பாடை எடுத்தார்கள். சுடுகாட்டில் மொட்டையடித்தபின் ராக்கையாவுக்குக் கால் நிற்கவில்லை. "முடியலன்னா சொல்லு. கொள்ளிய நான் வைக்கிறேன். குத்தமில்ல," என்றார் மொக்கையன். கேட்டுக்கொண்டிருந்த வெள்ளைத்துரை முகத்தைச் சுளித்தான். ராக்கையா தலையை அசைத்தான். "நான்தான்யா வைக்கணும்." மொக்கையன் பின்னாலிருந்து அவன் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். எலும்பாக இருந்தான். மூன்று சுற்றும் இரண்டு பேராகத்தான் சுற்றினார்கள்.

குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது வெயில் மலைக்கு மேலே ஏறிவிட்டிருந்தது. அன்னக்கொடி ரசம் சோற்றைப் பிசைந்து கொண்டுவந்தாள். ஏழெட்டு வாய் வாங்கினான். போதும் என்றான். மொக்கையன் இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். ராக்கையா அதையே பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியுமாய்யா?"

"நேத்துத்தான் சொன்னா."

"வீசிரலயா?"

"வாயத் தொற."

தம்ளரை அவரே பிடித்தார். மகன் விழுங்குகிற வரைக்கும் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சு கிடந்த இடத்தைக் கழுவி ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். அதற்கு நாலடி தள்ளிப் பாயை விரித்து, "படு" என்றார்.

"எங்க படுக்கச் சொல்றீக?" வெள்ளைத்துரை எழுந்து வந்தான். வாசலில் உட்கார்ந்திருந்த பங்காளிகள் எல்லாரும் திரும்பினார்கள். "கொள்ளி வச்சவன் இன்னைக்குக் கண்ண மூடலாமா? நாளைக்குப் பால் ஊத்துற வரைக்கும் அந்த வெளக்குக்கு அவன்தான் எண்ணெ விடணும். முழிச்சு ஒக்காரணும். நம்ம வழமை தெரியாதா உங்களுக்கு? எங்கக்கா வழி தெரியாம இருட்டுல நிக்கணுமா?"

"நான் முழிச்சிருக்கேன்."

"நீங்களா கொள்ளி வச்சீக?"

"நான் அவ புருசன். வழி தெரியலன்னா என்னையத்தான் வையுவா. அவன வைய மாட்டா."

"மச்சான், இது வெளையாட்டில்ல. ஒரு ராத்திரி ஒக்கார முடியாதா அவனுக்கு? எளந்தாரிப்பய."

"ஒருக்கா அவனத் தீக்குக் காவலா ஒக்கார வச்சேன் மாப்ளே. பதினோரு ராத்திரி. அதுவே போதும்." மொக்கையன் குரலைத் தாழ்த்தவில்லை. வாசல் வரைக்கும் கேட்கட்டும் என்றே பேசினார். "எம்மகனுக்குச் சீக்கு. மனசுல சீக்கு. பேயில்ல, சோம்பலுமில்ல. நான்தான் சோம்பல்னு சொன்னவன். மூணு வருசமா மதுரையில பாத்து மாத்திரை திங்கிறான். உங்கக்காதான் எனக்குத் தெரியாமக் குடுத்துக்கிட்டு இருந்தா. அவ படுத்ததுல மூணு நாள் விட்டுப்போச்சு. இன்னைக்கு அவன் தூங்கணும். வழமை கெட்டுச்சுன்னா எந்தலையில கெடட்டும்."

ஒரு பங்காளி துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். நாளைக்கு இது எந்தெந்தத் தெருவில் பேசப்படும் என்று மொக்கையனால் இப்போதே சொல்ல முடியும்.

வெள்ளைத்துரை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அப்ப காலைல பானைய உருட்டுனது..."

"அதுக்குத்தான்."

வெள்ளைத்துரை பாயைப் பார்த்தான். ராக்கையா சுவர்ப் பக்கம் திரும்பிக் காலை மடக்கிப் படுத்திருந்தான். மொட்டைத் தலையில் சவரக்கத்தி கீறிய இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. "தலைக்கு எதாச்சும் வைங்க," என்று சொல்லிவிட்டு வெள்ளைத்துரை வெளியே போய் உட்கார்ந்தான்.

மொக்கையன் தன் துண்டைச் சுருட்டி மகன் தலைக்குக் கொடுத்தார். விளக்குக்கு எண்ணெய் விட்டார். எவ்வளவு விட வேண்டும் என்று தெரியாமல் கொஞ்சம் வழிந்தது. ராக்கையாவின் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் கொஞ்ச நேரம் அது தூக்கமில்லை. பிறகு மூச்சு நீண்டது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

அப்போதுதான் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கிய பெண்கள் கூட்டம் வந்தது. ராசிங்காபுரத்து ஆட்கள். தகவல் பிந்திப் போனதால் முகம் பார்க்கக்கூட முடியாமல் வருகிறவர்கள். முன்னால் சுருளியம்மாளின் அக்கா பெரியம்மாள். தெருவுக்குள் நுழைந்ததும் கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். பெரியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு முதல் குரலை எடுத்தாள்.

மொக்கையன் எழுந்து செருப்பில்லாமல் தெருவில் இறங்கி, ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர்களுக்கு எதிரே போனார்.

"சத்தம் போடாதீக."

பெரியம்மாளுக்குப் புரியவில்லை. "கூடப் பொறந்தவளுக்கு அழக் கூடாதா? என்ன கொழுந்தனாரே இது?"

"அழுங்க. சத்தம் வேணாம். தூங்குறான்."

"யாரு?"

"எம்மகன்."

பெரியம்மாள் அவரைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தாள். திறந்த கதவு வழியாக விளக்கும் பாயும் தெரிந்தன. அவள் என்ன நினைத்தாளோ, முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே தெருவில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் அவளைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுத் தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். வட்டம் முன்னும் பின்னும் ஆடியது. முதுகுகள் குலுங்கின. குரல் ஒன்றும் வரவில்லை.

பஸ்ஸிலிருந்து இன்னும் ஆள் வருகிறதா என்று மொக்கையன் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.